மெழுகுத் தொட்டியில் முதல் கை

எங்கள் மருந்தகத்துப் பதிவேட்டில் அதற்கு 'மெழுகு ஒத்தடம்' என்று பெயர். ஒத்தடம் என்ற சொல் பொருந்தாது. ஒத்தடத்தில் சூடு கையைத் தேடி வரும். இங்கே கைதான் சூட்டுக்குள் போகிறது. ஆனால் பதிவேட்டைத் தொடங்கியவர் அப்படி எழுதிவிட்டார், எனக்கு முந்தைய எழுத்தரும் அப்படியே எழுதினார், நானும் எழுதினேன். அலுவலகத்தில் ஒரு சொல் நிலைத்துவிட இதற்கு மேல் காரணம் தேவைப்படாது.

எழுபதுகளின் தொடக்கம் அது. கும்மிடிப்பூண்டியைச் சுற்றி நெல் விளைந்த இடங்களில் ஆலைக் கூரைகள் எழும்பிக்கொண்டிருந்தன. நேற்று வரை ஏர் பிடித்த கைகளுக்கு இயந்திரம் பழகவில்லை. விரல், மணிக்கட்டு, முழங்கை என்று வாரத்துக்கு இரண்டு மூன்று பேர் உடைத்துக்கொண்டு வந்தார்கள். நாலைந்து ஆலைகள் சேர்ந்து ஒரு சிறிய மருந்தகம் வைத்தன. அதில் நான் தலைமை எழுத்தர். எனக்குக் கீழே எழுத்தர் யாரும் இல்லை. தலைமை என்பது நாற்காலியைப் பற்றியது என்று நினைக்கிறேன். வீடு திருவள்ளூரில். தினமும் பேசின்பிரிட்ஜ் வரை போய் வண்டி மாறி வருவது கட்டுப்படியாகாது என்று ஆரம்பாக்கத்தில் ஓர் அறை எடுத்திருந்தேன். சனிக்கிழமை மாலை ஊருக்குப் போவேன், திங்கட்கிழமை முதல் வண்டியில் திரும்புவேன்.

மருந்தகத்தின் பின்கட்டில் மெழுகு அறை. ஒரு தொட்டிக்குள் இன்னொரு தொட்டி. இரண்டுக்கும் நடுவே வெந்நீர், உள்தொட்டியில் உருகிய வெள்ளை மெழுகு. மாவுக்கட்டைப் பிரித்த கை மரக்கட்டை மாதிரி இருக்கும். அதை மெழுகில் முக்கி எடுத்து, காய விட்டு, மறுபடி முக்கி, இப்படிப் பத்து முறை. கைமேல் ஓர் உறை உண்டாகிவிடும். அதன்மேல் துண்டைச் சுற்றி இருபது நிமிடம் உட்காரவைக்க வேண்டும். பிறகு உறையை உரித்தால் கை சிவந்து, வியர்த்து, இளகியிருக்கும். அந்த இளக்கம் போவதற்குள் மணிக்கட்டை மடக்கி, நீட்டி, உள்ளங்கை வானம் பார்க்கும்படி திருப்பிப் பழக்க வேண்டும். உரித்த உறையைத் தொட்டியிலேயே போட்டுவிடுவார்கள். அது கரைந்து அடுத்த கைக்கு ஆகும். நான் சொல்லப்போவது எல்லாம் இந்தக் கடைசி வரியினால் வந்ததுதான்.

அந்த அறையைப் பார்த்துக்கொண்டவர் பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்துக்காரர். ஏரியில் வலைபோடும் குடும்பம். கூட்டிப் பெருக்குகிற வேலைக்கு வந்தவர், வாரம் ஒருமுறை வரும் எலும்பு டாக்டரைப் பார்த்துப் பார்த்து வேலையைக் கற்றுக்கொண்டார். டாக்டருக்கு அவசரம் அதிகம் என்பதால் இவருக்குக் கற்றுக்கொள்ள நிறைய இடம் கிடைத்தது. ஒவ்வொரு நோயாளியும் கை விடுவதற்கு முன் இவர் தன் கையை மணிக்கட்டு வரை தொட்டியில் விடுவார். மனதுக்குள் ஏதோ எண்ணுவார். எடுத்து, ஊதிப் பார்த்துவிட்டு, "உடு" என்பார். அதற்குப் பிறகுதான் நோயாளியின் கை.

தொட்டிக்கு ஒரு வெப்பமானி உண்டு, இருந்தது. அது உடைந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. புதியது வாங்க மூன்று விலைப்புள்ளிகள் வேண்டும். இரண்டு கடைகள்தான் பதில் போட்டிருந்தன. மூன்றாவது வரும்வரை கோப்பு என் மேசையின் இடது பக்கத்தில், நாடா கட்டி, வரிசை எண் குத்தி, மிகச் சரியாக இருந்தது.

அந்த ஆவணி மாதம் என் அண்ணா விழுந்தார்.

எங்கள் குடும்பத்துக்குத் திருவள்ளூரில் ஒரு பெருமாள் சன்னதியில் பரம்பரைக் கைங்கரியம். ஒவ்வொரு வீட்டுக்கும் முறை உண்டு. எங்கள் முறை தை மாதம் முழுதும். நான் படித்து உத்தியோகத்துக்குப் போய்விட்டேன். பூணூல் தோளில் இருந்தது, சாப்பாடு கேன்டீனில் நடந்தது. என்னைவிடப் பத்து வயது மூத்தவரான அண்ணாதான் அப்பாவுக்குப் பிறகு எல்லாம் செய்தார். அவருக்கு ஒரே பெண், கட்டிக்கொடுத்தாயிற்று. அவர் கையால் முடியவில்லை என்றால் முறை சித்தப்பா பிள்ளைக்குப் போகும். போனது திரும்பி வராது. இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

எண்ணெய் சிந்திய கல்லில் வழுக்கி வலது கையை ஊன்றிவிட்டார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. திருவள்ளூரிலேயே மாவுக்கட்டு போட்டார்கள். புரட்டாசிக் கடைசியில் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது, கைதான் கூடவில்லை. விரல் நுனிகள் மரத்துக் கிடந்தன. உள்ளங்கையைத் திருப்பச் சொன்னால் பாதியில் நின்றது. சாதாரண மனிதனுக்குப் பாதி போதும். தீர்த்தம் சாதிக்கிறவருக்குப் போதாது. உத்தரணிக் கரண்டியில் தீர்த்தத்தை எடுத்து, எதிரே நிற்கிறவர் கையில் சிந்தாமல் சாய்க்க வேண்டும். அந்தச் சாய்ப்பு முழுக்க முழுக்க மணிக்கட்டின் வேலை. அண்ணா உத்தரணியை எடுத்தால் பாத்திரத்திலிருந்து மேலே வருவதற்குள் பாதி கொட்டியது.

கட்டைப் பிரித்த டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தார்: மெழுகு ஒத்தடம், பத்து நாள். பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு, கும்மிடிப்பூண்டியில் ஆலைக்காரர்கள் மருந்தகத்தில் இருக்கிறது என்றாராம். என் அலுவலகம். எனக்குப் பெருமையாக இருந்தது. வெளியாளுக்குச் சிகிச்சை தருவதற்கு ஒரு விதிவிலக்குப் படிவம் உண்டு. யாருக்கும் அது இருப்பது தெரியாது, எனக்குத் தெரியும். அந்த மாதம் அதே படிவத்தில் ஏற்கனவே ஒருவரைச் சேர்த்திருந்தேன். மெழுகு அறைக்காரரின் மச்சான், வீச்சு வலைக்காரர். படகிலிருந்து விழுந்து அதே ஆவணியில், அதே வலது மணிக்கட்டை, ஏறக்குறைய அதே இடத்தில் முறித்துக்கொண்டவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாவிடம் விஷயத்தை எடுத்தேன். மன்னி கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மெழுகுன்னா என்னடா? தேன்கூடா, கொழுப்பா?" என்றார் அண்ணா.

"ரெண்டும் இல்லேண்ணா. பூமிலேர்ந்து எடுக்கறது. மண்ணெண்ணெய்க்குக் கூடப் பிறந்தது."

"உன் மன்னி மண்ணெண்ணெய் ஸ்டவ்லதான் காபி போடறா. அப்போ பாதகமில்லே."

"காபி போடறது ஸ்டவ்வுல. மண்ணெண்ணெயிலே இல்லே," என்றாள் மன்னி.

அண்ணா சிரித்தார். பிறகு நான் முறையை விவரித்தேன். எனக்கு எதையும் பாதியாகச் சொல்லத் தெரியாது. முக்குவது, காய்வது, துண்டு, இருபது நிமிடம், உரிப்பது, உரித்ததைத் தொட்டியில் போடுவது.

"தொட்டியிலேயா?"

"ஆமா."

"அப்புறம் அடுத்தவன் கை விடுவானா?"

"விடுவான்."

"அவன் உரிச்சது?"

"அதுவும் தொட்டியிலேதான்."

அண்ணா தன் வலது கையை மடியில் வைத்து இடது கையால் மூடிக்கொண்டார். "பெருமாளைத் தொடற கைடா இது," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு நினைவூட்டுவது போலச் சொன்னார்.

திங்கட்கிழமை மெழுகு அறைக்காரரிடம் சொன்னேன். அவருடைய மச்சான் கையில் வெள்ளை உறையோடு உட்கார்ந்திருந்தார்.

"அது இன்னா ஐயரே, உங்க அண்ணன் கை. கோயில் மணியா? நாங்க தொட்டா சத்தம் வராதா?" என்றார் மச்சான்.

ஐயங்காரை ஐயரே என்று கூப்பிடுவதைத் திருத்தும் முயற்சியை நான் முதல் வாரத்திலேயே கைவிட்டிருந்தேன்.

"நீ கம்முனு இரு," என்று மச்சானை அடக்கிவிட்டு மெழுகு அறைக்காரர் என்னிடம் சொன்னார்: "அவுங்க பொயப்பு அப்டி. நீ ஒண்ணும் பேஜாராவாத ஐயரே. ஒரு சின்ன குண்டான்ல புது மெழுகு தனியா வெக்கிறேன். தண்ணில வெச்சி காச்சலாம். பத்து நாளும் உங்க அண்ணன் கைதான். வேற ஒரு பய கை படாது. நான் பொறுப்பு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதைச் சொன்னேன். போகவர ஐந்து மணி நேர ரயில், ஆலை வாசல், யார் யாரோ உட்காரும் பெஞ்சு. அத்தனையும் அண்ணா மனதில் ஓடியிருக்கும். மன்னி, "தை வரது, ன்னா," என்று மட்டும் சொன்னாள்.

"தனிப் பாத்திரம்தானே?" என்றார் அண்ணா.

"தனிப் பாத்திரம்."

"முதல் கை என்னோடதுதானே?"

இந்த இடத்தில் நான் ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அண்ணா ஆமாம் என்ற சொல்லைத்தான் கேட்டார். அவர் முகத்தில் அது தெரிந்தது. வரத் தயாராக இருந்தார். ஆனால் நான் விதிமுறையில் உள்ளதை உள்ளபடி சொல்லிப் பழகியவன்.

"இல்லேண்ணா. அந்த ஆள் தன் கையை விட்டுச் சூடு பார்ப்பார். அதுக்கப்புறம்தான் உங்க கை. அது அங்கே வழக்கம்."

"ஒவ்வொரு நாளுமா?"

"ஒவ்வொரு நாளும்."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். வாழ்நாளில் எத்தனையோ பொய்கள் சொல்லியிருக்கிறேன், பெரும்பாலும் எழுத்து மூலமாக. வருந்துவது அன்று சொன்ன அந்த ஓர் உண்மைக்காகத்தான்.

எனக்கு ஒரு நோய் உண்டு. ஒரு வழி அடைபட்டால் கோப்பை மூடிவிட மாட்டேன்; துணைவிதி தேடுவேன். தேடினேன். பத்து நாள் ஈட்டிய விடுப்புக்கு எழுதிப்போட்டேன். கிடைக்க மூன்று வாரம் ஆயிற்று. என் விடுப்பு விண்ணப்பத்தை மேலே அனுப்ப வேண்டிய எழுத்தர் நானே என்பதால் தாமதத்துக்கு யாரையும் குறைசொல்ல முடியவில்லை. சென்னையில் புது மெழுகுக் கட்டிகள் வாங்கினேன். வீட்டிலேயே செய்துவிடுவது என்று முடிவு.

மெழுகு அறைக்காரருக்கு இது பிடிக்கவில்லை. இருந்தாலும் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்.

"ஆடை படியும் பாரு ஐயரே, பால் மேல படியிற மாதிரி. ஓரத்துல படிஞ்சி நடுவுக்கு வரும். அப்பால கை உடலாம். ஆனா அத மட்டும் நம்பாத. உன் கை மொதல்ல போவணும். அவுங்க வெரலு மரத்து இருக்குதுன்ற. மரத்த கைக்கு சூடு லேட்டாதான் தெரியும். அது ஐயோன்றதுக்குள்ள வெந்துபூடும். உன் கை நல்ல கை. அது பொய் சொல்லாது."

நான் இதைக் குறித்துக்கொண்டேன். அந்தத் தாளில் வரிசை எண் போட்டிருந்தேன். ஐந்தாவது: ஆடை படிகிறதா என்று பார்க்க. ஆறாவது: சோதிப்பவர் கை.

ஆறாவதை அண்ணா ஒப்புக்கொள்ளவில்லை. "ஒருத்தர் கை விட்டதிலே இன்னொருத்தர் கை விடறதாவது. அதுக்கு ஆத்துல எதுக்குடா பண்ணணும்? அங்கேயே வந்திருப்பேனே." அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. ஆறை அடித்துவிட்டேன். ஓரத்தில் என் சுருக்கொப்பமும் இட்டேன் என்று இப்போது சொன்னால் நம்புவீர்களா? பழக்கதோஷம்.

கார்த்திகை முதல் வாரத்தில் தொடங்கினோம். காலையில் இருவரும் குளித்து, ஈர வேட்டியோடு முற்றத்தில் உட்காருவோம். மன்னி தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்த வெண்கல உருளியில் மெழுகு. குமுட்டி அடுப்பில் அதை உருக்கி, இறக்கி வைத்து, ஆடை படியக் காத்திருப்போம். தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் மெழுகுப் பாத்திரம் என்பதெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டேன். தடித்த வெண்கலம் சூட்டை நன்றாகத் தாங்கும் என்று எனக்குத் தோன்றியது. தாங்கியது.

முதல் நாள் அண்ணா உறையை உரித்துப் பார்த்துக் குழந்தை மாதிரி ஆச்சரியப்பட்டார். உள்ளங்கை ரேகைகள்கூட அதில் பதிந்திருந்தன. "என் ஆயுள் ரேகை நீளமாத்தான் இருக்கு, பாரு," என்று மன்னியிடம் காட்டினார். இரண்டாம் நாள் விரல்கள் மடங்கின. மூன்றாம் நாள் வேட்டி முடிச்சைத் தானே போட்டுக்கொண்டார். நான்காம் நாள் உத்தரணியைக் கேட்டார். மன்னி பஞ்சபாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அண்ணா எடுத்தார். மணிக்கட்டு நடுங்கியது. ஆனால் திரும்பியது. நான் கையை நீட்டினேன். என் உள்ளங்கையில் ஓர் உத்தரணித் தண்ணீர் முழுதாக விழுந்தது. குழாய்த் தண்ணீர்தான். நான் அதைக் குடித்து, தலையில் தடவிக்கொண்டேன். கேன்டீனில் சாப்பிடுகிறவன் என்பது அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. மன்னி புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று மாலை அண்ணா சித்தப்பா பிள்ளை வீட்டுப் பக்கமாக ஒரு நடை போய்வந்தார். காரணமில்லாமல் அவர் அந்தத் தெருவில் நடப்பதில்லை.

ஐந்தாம் நாள் மழை விட்டு வாடை அடித்தது. முற்றத்தில் உட்கார முடியாத குளிர். நான் உருளியை இறக்கி வைத்தேன். வழக்கத்தைவிடச் சீக்கிரமே ஆடை படிந்தது. ஓரத்திலிருந்து நடுவுக்கு, வெள்ளையாக, அழகாக.

மன்னி குனிந்து பார்த்தாள். "இப்பத்தானே இறக்கினே? அடியிலே அனல் அடிக்கறதே. நான் ஒரு விரலை வெச்சுப் பாக்கறேன்."

அண்ணா உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். நான்கு நாள் நன்மை அவரை இளக்கியிருந்தது என்று நினைக்கிறேன். நான் 'பார்க்கட்டுமே அண்ணா' என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார். அந்தப் பார்வைக்கு வேறு பொருள் இருக்க முடியாது. எத்தனையோ முறை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன்.

"ஆடை படிஞ்சிருக்கு மன்னி. போதும்," என்றேன்.

குளிர்ந்த காற்று மேலே மட்டும் படிய வைத்த ஆடை அது. அடியில் வெண்கலம் கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணா கையை விட்டார். நான்கு நாளில் வந்த தைரியத்தில் ஆழமாகவே விட்டார். விரல்கள் அடியைத் தொட்டிருக்க வேண்டும். மரத்த விரல்கள் அவருக்கு எதுவும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, யாருக்கோ தகவல் சொல்வது போல, "சூடுடா," என்றார்.

எடுத்தபோது கையில் மெழுகு உறையாக ஒட்டியிருந்தது. உள்ளே சூடு அப்படியே இருந்தது. என் தாளில் இதற்கு எண் எதுவும் இல்லை. நான் உறையை உரிக்கப் போனேன். மெழுகோடு சேர்ந்து வேறும் வந்தது. மன்னிதான் என்னைத் தள்ளிவிட்டு, முற்றத்துத் தொட்டித் தண்ணீரைச் சொம்பு சொம்பாக மொண்டு ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள். அண்ணாவின் பற்கள் தந்தி அடித்தன; அது வாடையினால்கூட இருக்கலாம் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

விடுப்பு முடியும் முன்பே வேலைக்குத் திரும்பினேன். மெழுகு அறைக்காரரிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"உன் கை போச்சா மொதல்ல?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் தொட்டியைப் பார்த்தபடி நின்றார். "கொப்புளம் ஆறுற வரைக்கும் கைய அசைக்கக் கூடாது ஐயரே. அது ஆறுறதுக்குள்ள மணிக்கட்டு பூட்டிக்கும். தெரியும்ல உனக்கு?"

தெரியும். மணிக்கட்டு இறுகிப்போவதைக் குறிக்கப் பதிவேட்டில் தனிப் பத்தியே இருந்தது.

வாரம் இரண்டு நாள் மட்டும் வந்துபோன அவருடைய மச்சானுக்கு அன்று கடைசி நாள். உறையை உரித்ததும் அவர் கையை முன்னும் பின்னும் புரட்டிக் காட்டினார். வலை வீசுகிற மாதிரி காற்றில் ஒரு சுழற்று சுழற்றினார். பிறகு என் முகத்தைப் பார்த்து, கையைச் சட்டென்று லுங்கி மடிப்புக்குள் விட்டுக்கொண்டார். கேலி பேசுகிற மனிதர். அன்று பேசவில்லை. சைக்கிளை எடுக்கும்போது மட்டும், "அண்ணன் சாமி மனசு ஒடஞ்சிடப்போவுது, பாத்துக்க," என்றார்.

மார்கழி பாதி வரைக்கும் அண்ணாவின் கை துணிச்சுற்றுக்குள் இருந்தது. நான் சனிக்கிழமைகளில் போனேன். அவர் என்னை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. சாப்பிட்டாயா, வண்டி தாமதமா, ஆரம்பாக்கத்தில் மழை எப்படி என்றெல்லாம் கேட்டார். மன்னிதான் எனக்குச் சாதம் பரிமாறும்போது கரண்டியைச் சற்று உயரத்திலிருந்து கவிழ்த்தாள்.

மார்கழிக் கடைசி வாரம், ஒரு புதன்கிழமை. பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தினால் வாசலில் அண்ணா நிற்கிறார். திருமண் இட்டுக்கொண்டு, மேல்துண்டைப் போர்த்திக்கொண்டு, நெளிந்த தகர நாற்காலிகளுக்கு நடுவில். தனியாக, இரண்டு ரயில் மாறி வந்திருந்தார். காத்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள், ஏன் என்று தெரியாமலே.

"மன்னிக்குத் தெரியாது. நீயும் சொல்லாதே," என்றார். "இப்போ போட்டுப் பாக்கலாமோன்னு."

நான் படிவத்தைத் தேடப் போனேன். மெழுகு அறைக்காரர் அதற்குள் அவரைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்.

நான் போனபோது பெஞ்சில் ஆலைத் தொழிலாளிகள் இரண்டு பேருக்கு நடுவில் அண்ணா உட்கார்ந்திருந்தார். தனிக் குண்டான் கேட்கவில்லை; கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

"கைய காட்டுங்க சாமி," என்றார் மெழுகு அறைக்காரர். தழும்பைத் தடவிப் பார்த்தார். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். ஒரு கணம் என் பக்கம் திரும்பி, மறுபடி அவர் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு தன் கையைத் தொட்டியில் விட்டார். எண்ணினார். எடுத்தார், ஊதினார்.

"உடுங்க சாமி."

அண்ணா கண்ணை மூடிக்கொண்டு விட்டார். பத்து முறை. துண்டு. இருபது நிமிடம். உரித்த உறையைத் தன் இடது கையாலேயே தொட்டியில் போட்டார். எல்லோருடைய மெழுகோடும் அது மிதந்து, கொஞ்சம் கொஞ்சமாக வடிவம் இழப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கை இளகவில்லை. அடுத்த நாளும் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார். மூன்றாம் நாள் மெழுகு அறைக்காரரே, "இத்தோட போதும் சாமி, ஒடம்ப வருத்திக்காதீங்க," என்று சொல்லிவிட்டார். அண்ணா தலையசைத்தார். "நீங்க நன்னாப் பாத்துண்டேள்," என்றார். வேறொரு சாதிக்காரரை அவர் நீங்கள் என்று அழைத்ததை அன்றுதான் கேட்டேன்.

மூன்று நாளும் திருவள்ளூரில் இறங்கி, கோயில் குளத்தில் முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறார். மார்கழிக் குளிரில். அந்தக் குளத்தில் நோய் கரைய வேண்டும் என்று எங்கெங்கிருந்தோ வந்து வெல்லம் போடுகிறார்கள். மன்னிக்கு முதல் நாளே தெரிந்துவிட்டதாம். மெழுகின் வாடை துண்டில் இருந்ததாம். கேட்டுக்கொள்ளவில்லை என்று பல வருடங்கள் கழித்துச் சொன்னாள்.

தை பிறந்தது. முதல் நாள் காலை சன்னதிக்குப் போனோம். சித்தப்பா பிள்ளை உள்ளே நின்றிருந்தான். நல்லவன்தான். தீர்த்த வட்டிலைப் பிடித்த விதம் மட்டும் கொஞ்சம் புதிதாக இருந்தது. அண்ணா உள்ளே போகும் படியில் காலை வைத்தார், பிறகு எடுத்துக்கொண்டு சேவார்த்திகள் வரிசையில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் நான்.

வரிசை நகர்ந்தது. எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. தீர்த்தம் கொடுக்க மட்டுமா மணிக்கட்டு திரும்ப வேண்டும்? வாங்கவும் திரும்ப வேண்டும். உள்ளங்கை வானம் பார்க்க வேண்டும். விரல்கள் குவிந்து குழியாக வேண்டும். நாற்பது வருடம் கொடுத்துக்கொண்டிருந்தவர், வாங்குவதற்கு எதுவெல்லாம் வேண்டும் என்று யோசித்திருக்க மாட்டார். நானும் யோசிக்கவில்லை.

அண்ணாவின் முறை வந்தது. வலது கையை நீட்டினார். அது பாதியில் நின்றது, கட்டைவிரல் மேலாக, சுவரைத் தடவுகிற கை மாதிரி. இடது கையால் அதைப் பிடித்துத் திருப்பப் பார்த்தார். திரும்பவில்லை. சித்தப்பா பிள்ளை உத்தரணியை எடுத்தபடி நின்றான். கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவன் கண்கள் கலங்கிவிட்டன. பின்னால் யாரோ, "சீக்கிரம், சீக்கிரம்," என்றார்கள்.

அண்ணா முழங்கையை விலாவோடு ஒட்டினார். தோளைச் சாய்த்தார். இடுப்பை வளைத்தார். உடம்பு முழுவதும் வலப்பக்கம் ஒடிந்து சாய்ந்தது. அப்படிச் சாய்ந்த பிறகு உள்ளங்கை கொஞ்சம் மேலே பார்த்தது. தீர்த்தம் விழுந்தது. குழி இல்லாத கையில் அது நிற்கவில்லை. தழும்பின் மேல் வழிந்து, மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடியது. எஞ்சிய ஈரத்தை அவர் உதட்டில் வைத்துக்கொண்டு நகர்ந்தார்.

அடுத்து நான். கையை நீட்டினேன். ஒரு சிரமமும் இல்லாமல் திரும்பியது.